மூட்டை பிரிக்கும் மேசை: டர்பன் எஸ்பிசிஏ கடைகளில் கைகொடுக்க வருகிறவர்களுக்கு

வாயில்லா ஜீவன்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எஸ்பிசிஏவுக்கு (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) வருகிற நம் டர்பன் தமிழர்கள் முதலில் போவது நாய்க்கூண்டுப் பக்கம். அது இயல்புதான். குட்டிகளோடு விளையாட, பெரிய நாய்களை நடத்திக் கூட்டிப்போக யாராவது வந்துவிடுவார்கள். எப்போதும் ஆள் பற்றாத இடம், சங்கம் பழைய பொருள் விற்கிற சாரிட்டி ஷாப்பின் பின்கட்டு. கொடையாக வந்த மூட்டைகளைப் பிரிக்கிற மேசை அங்கேதான் இருக்கிறது. கடையின் வருமானம் முன்பக்கத்துக் கல்லாவில் தீர்மானமாவதில்லை, இந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. இங்கே வேலை சரியாக நடந்தால் கூண்டில் இருக்கிற நாய்க்குத் தடுப்பூசி கிடைக்கும். தவறாக நடந்தால் அதே காசு குப்பை அள்ளுகிற லாரிக்குப் போகும்.

காசு எப்படி ஓடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. தென்னாப்பிரிக்காவில் ஒவ்வோர் ஊர் எஸ்பிசிஏவும் தனித்தனி அமைப்பு. தனி நிர்வாகக் குழு, தனி வங்கிக் கணக்கு. தேசிய அளவில் என்எஸ்பிசிஏ என்ற தலைமைச் சங்கம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் 169-ஆம் எண் சட்டம் எல்லாவற்றையும் ஒரு குடையின்கீழ் கட்டுகிறது. ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிற டர்பன் எஸ்பிசிஏ தன் செலவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர்களுக்கு 1962-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. அவர்களுடைய பக்கிக்கு (பின்பக்கம் திறந்த சிறு லாரி) டீசல் ஊற்றுவது பொதுமக்கள் பணம். யாராவது 'இது கருத்தடை அறுவைக்கு மட்டும்' என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது. கடையில் வருகிற பணத்துக்கு அந்தக் கட்டு இல்லை. தண்ணீர் பில், டயர், இரவுக் காவல் என்று யாருமே குறிப்பிட்டுக் கொடுக்க முன்வராத செலவுகளை அதுதான் தாங்குகிறது. அதனால்தான் கடை வருமானம் அளவில் சிறியதாக இருந்தாலும் மதிப்பில் பெரியது.

இப்போது வாசலுக்கு வருவோம். கொடை வாங்குகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் காரியம், வேண்டாம் என்று சொல்வது. நம்மில் பலருக்கு இது வரவே வராது. கொடுக்க வந்தவர் முகத்தை எப்படி வாட வைப்பது என்ற தயக்கம். ஆனால் உடைந்த மேசையையோ கறைபட்ட மெத்தையையோ ஒருமுறை உள்ளே எடுத்துவிட்டால் அதை வெளியே அனுப்புவதற்குக் கடைதான் காசு கட்டவேண்டும். மெத்தை, குழந்தைகளின் கார் சீட், ஹெல்மெட், மின் கம்பளி, பாதி காலியான பெயிண்ட் டப்பா, மாத்திரை மருந்து, பழைய குண்டு டிவி ஆகியவற்றை வாசலிலேயே நிறுத்திவிடவேண்டும். கார் சீட்டும் ஹெல்மெட்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒருமுறை அடி வாங்கியிருந்தால் உள்ளே ஏற்பட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அவற்றில் விதிவிலக்கே வேண்டாம்.

சொல்கிற விதத்தில் எல்லாம் இருக்கிறது. "ஆண்டி, இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. துணியெல்லாம் எடுத்துக்கிறோம். மெத்தையை மட்டும் எங்களால விக்க முடியாது. எடுத்தா அதைத் தூக்கிப் போடுற காசு நாய்ங்களோட சாப்பாட்டுக் காசுலதான் போகும்." இப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தாங்களே புரிந்துகொண்டு திரும்ப வண்டியில் ஏற்றிவிடுவார்கள். எடுத்துக்கொள்கிற பொருளுக்கு முன்னால் எடுக்க முடியாததைச் சொன்னால்தான் முகம் வாடும்.

கடை மூடியிருக்கும்போது வாசலில் மூட்டையை வைத்துவிட்டுப் போகிற பழக்கத்தைத் தடுக்க என்ன செய்தாலும் தகும். டர்பன் காற்று எப்போதும் ஈரம். அக்டோபர் முதல் மார்ச் வரை மழையும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி நனைந்த ஒரு மூட்டை இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அதை மற்ற மூட்டைகளோடு சேர்த்து வைத்தால் அந்த வாடை எல்லாவற்றிலும் ஏறும். நனைந்த பையைப் பிரித்துப் பார்க்கவும் நேரம் செலவிடாதீர்கள். அன்றைக்கே விரித்துக் காயப்போட இடம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அதை அப்படியே கழித்துவிடுவதுதான் மீதியைக் காப்பாற்றும்.

மூட்டையைப் பிரிக்கும்போது கையுறை கட்டாயம். உள்ளே கையை விட்டுத் துழாவக்கூடாது. பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டவேண்டும். ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி எல்லாம் வரும். பிறகு ஒவ்வொரு துணிக்கும் ஒரே ஒழுங்கு: பாக்கெட், கழுத்துப்பட்டை, அக்குள், ஜிப், கவட்டைத் தையல், கடைசியில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை. கை பழகிவிட்டால் ஒரு சட்டைக்கு அரை நிமிஷம் போதும். பாக்கெட்டைத் தாண்டிப் போகவே கூடாது. ஐடி கார்டு, ரொக்கம், அடகுச் சீட்டு, சில சமயம் நகை கூட இருக்கும். அப்படி ஏதாவது கிடைத்தால் இன்னொருவரைக் கூப்பிட்டு அவர் கண்முன்னே நோட்டில் எழுதி மேலாளரிடம் கொடுக்கவேண்டும். கொடுத்தவர் தெரிந்தால் திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

செருப்பு, ஷூ விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. அலமாரியில் பல வருஷம் கிடந்த ஷூ புத்தம் புதிதாகத் தெரியும். வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர் நூறு அடி நடப்பதற்குள் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே சிதைவதுதான் காரணம். நம் கடற்கரைக் காற்றுக்கு இது சீக்கிரம் நடக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ, மயிரிழை வெடிப்போ தெரிந்தால் விற்காதீர்கள். போலித் தோல் கைப்பைகள் செதில் செதிலாக உரிவதும் இதே காரணத்தால்தான்.

புடவைகளைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும். டர்பன் கடைகளுக்கு வருகிற மூட்டைகளில் மதிப்பு அதிகமானதும், அதிகமாக வீணாவதும் புடவைதான். நம்மவர்கள் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு பாட்டி இறந்தபின் அலமாரியைக் காலி செய்கிற பிள்ளைகள் முப்பது நாற்பது புடவைகளைக் கறுப்புப் பையில் திணித்துக் கொண்டுவருவார்கள். நைலக்ஸ் என்கிற மலிவான செயற்கை இழைப் புடவையும் காஞ்சிப் பட்டும் ஒரே பையில் இருக்கும். பிரிக்கத் தெரியாதவர் எல்லாவற்றையும் ஒரே விலைக்குப் போட்டால், திறந்த அரைமணி நேரத்தில் விஷயம் தெரிந்த வியாபாரி பட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பணம் எஸ்பிசிஏவுக்கு வந்திருக்கவேண்டியது.

பட்டா என்று சந்தேகம் வந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, கடைக்கு வெளியே கொண்டுபோய் நெருப்புக் காட்டுங்கள். பட்டு என்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும், மிஞ்சுகிற கரி விரலில் தேய்த்தால் தூளாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். ஜரிகைக்கு வேறு சோதனை. உட்புறத்தில் தெரியாத இடத்தில் ஓர் ஜரிகை இழையை நகத்தால் லேசாகச் சுரண்டினால், பழைய அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வேறு நிற நூலோ பிளாஸ்டிக் பளபளப்போ வந்தால் அது மட்டமானது. அசல் வெள்ளி ஜரிகை உள்ள பழம்புடவையை மற்றவற்றோடு தொங்கவிடாமல் மேலாளரிடம் கொடுத்துத் தனியாக விலை வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து மடிப்பு. பட்டுப்புடவையை வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால், மடிப்புக் கோட்டிலேயே, குறிப்பாக ஜரிகை ஓடுகிற இடத்தில், இழை அறுந்துபோகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் முழுநீளத்தையும் பிரிக்காமல் பட்டுக்கு விலை வைக்கவே கூடாது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கவேண்டும். மடிப்பில் பிளவு இருந்தால் அதைச் சீட்டில் எழுதி விலையைக் குறையுங்கள்; திரைச்சீலைக்கோ, கல்யாண மேடை அலங்காரத்துக்கோ, நடன உடுப்புக்கோ வாங்குகிறவர்கள் அதை வெட்டித் தைத்துக்கொள்வார்கள். மறைத்து விற்றால் வாங்கினவர் மறுபடி படியேற மாட்டார். கஞ்சி போட்ட பருத்திப் புடவைகளில் இராமபாணப் பூச்சி அரித்த சிறு சிறு ஓட்டைகளைத் தேடுங்கள். கஞ்சிதான் அதற்குச் சாப்பாடு. அந்துருண்டை வாடை அடிக்கிற புடவையை இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டால் போதும், வெயிலில் போட்டால் சாயம் போய்விடும்.

தொங்கவிடும்போது முந்தானை முன்னால் தெரியும்படி மடித்து, ஜரிகை உள்ள புடவையைக் கம்பி ஹேங்கரில் போடாமல் அட்டைக் குழலில் சுற்றி வையுங்கள். விலைச்சீட்டை டேக் கன்னால் அடிப்பவர்கள் துணியைத் துளைத்துவிடுகிறார்கள். சட்டைக்கு அது லேபிளிலோ தையலிலோதான் போகவேண்டும். பட்டுக்கு டேக் கன்னே வேண்டாம், நூலில் கட்டுங்கள். நீளத்தையும் எழுதுங்கள். ஐந்தரை மீட்டரா, ரவிக்கைத் துணியோடு ஆறு மீட்டருக்கு மேலா என்பது வாங்குகிறவர் கேட்கிற முதல் கேள்வி.

பித்தளைச் சாமான் புரட்டாசிக்கு முன்பும் தீபாவளிக்கு முன்பும் குவியும். வீட்டைக் கழுவி ஒழுங்கு செய்கிற காலம் அது. ஒரு சின்னக் காந்தத்தை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம் பூசியது. குத்துவிளக்கைக் கழற்றி, தண்டின் மரைகள் தேய்ந்திருக்கின்றனவா, மறுபடி பூட்டினால் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஆடுகிற விளக்கில் எண்ணெயும் நெருப்பும் இருக்கப்போகிறது என்பதால் அதை அலங்காரத்துக்கு என்று மட்டும் எழுதி விற்கவேண்டும். புளி போட்டுத் துலக்குவது சாதாரணச் சாமானுக்குச் சரி. மிகப் பழையதாகத் தோன்றுகிற விளக்கை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தக் கறுப்புக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சாமி படங்களை நாசூக்காகக் கையாளவேண்டும். மூட்டையில் முருகன் படமோ மாரியம்மன் படமோ வந்தால் தரையில் வைக்காதீர்கள், ஷூ அலமாரிப் பக்கமும் வேண்டாம். உயரமான ஒரு தட்டை இதற்கென்றே ஒதுக்குங்கள். சக தொண்டர்கள் எல்லோரும் இந்துக்களாக இருக்கமாட்டார்கள். காரணத்தை ஒருமுறை சொன்னால் போதும், அவர்களும் அப்படியே செய்வார்கள்.

காகிதங்களுக்கும் ஒரு தட்டு வேண்டும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. அந்த எண் எழுதிய சான்றிதழ், கரும்புத் தோட்டத்துச் சீட்டு, தமிழ்ப் பாடசாலைப் புகைப்படம் போன்றவை பழைய ராமாயணப் புத்தகத்துக்குள் செருகியபடியே வந்துவிடும். எந்தப் பழைய புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறாமல் விலை வைக்காதீர்கள். கிடைத்ததைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். யார் என்று தெரியவில்லை என்றால் டர்பனிலுள்ள 1860 ஹெரிட்டேஜ் சென்டரிலோ, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்து காந்தி-லுத்துலி ஆவண மையத்திலோ விசாரிக்கலாம். சாதாரணப் புத்தகங்களில் பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் பை திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடவேண்டும். உடனே திறந்தால் காகிதத்தில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

மின்சாமானில் அவசரம் கூடாது. முதலில் செருகாமலே பார்க்கவேண்டும்: வயர் உறை வெடித்திருக்கிறதா, பிளக் டாப்புக்குள் வயரை இறுக்குகிற பிடி இருக்கிறதா, பழுப்பு லைவிலும் நீலம் நியூட்ரலிலும் பச்சை-மஞ்சள் எர்த்திலும் போயிருக்கிறதா. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 110 வோல்ட் சாமானை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும், தகட்டைப் படியுங்கள். எர்த் தொடர்பையும் இன்சுலேஷனையும் மீட்டர் வைத்துச் சோதிக்கத் தெரிந்த எலக்ட்ரிஷியன் பார்க்காமல் எதையும் அலமாரியில் வைக்கவேண்டாம். தேறாததன் வயரை அடியோடு வெட்டிவிட்டுத்தான் எறியவேண்டும், இல்லையென்றால் யாராவது குப்பையிலிருந்து எடுத்துச் செருகிவிடுவார்கள்.

விலைக்குப் பொதுவான அளவு, புதிதின் விலையில் கால் பங்கு. பெப் ஸ்டோர் மாதிரி மலிவுத் துணிக்கடையில் புதிதாகவே மலிவாகக் கிடைக்கிற பனியனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அதற்கும் கீழே போகவேண்டும். எல்லா விலையையும் 5 ராண்டின் மடங்கில் வைத்தால் சில்லறைத் தொல்லை பாதி குறையும். வாரத்துக்கு ஒரு நிறச் சீட்டு முறை எளிமையானது: நான்கு நிறம், நான்கு வாரம். நான்காவது வாரம் அந்த நிறம் பாதி விலை, அதற்குப் பிறகு இறக்கிவிடவேண்டும். இறக்க மனசு வராமல் வைத்திருக்கிற கடைதான் பழையதாகவே தோன்றி ஆளை விரட்டும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது யூனிஃபார்ம் பறக்கும் என்பதால் ஜூலையில் வருகிற வெள்ளைச் சட்டைகளைக் கூட எடுத்துக் கட்டி வைக்கலாம். அது ஒன்றுக்குத்தான் விலக்கு.

தொண்டர்களே வாங்குவது பற்றி ஆரம்பத்திலேயே ஒரு விதி இருக்கவேண்டும். பிரிக்கிறவர் தனக்கென்று ஒதுக்கி வைப்பதும், தானே விலை போட்டுக்கொள்வதும் நல்ல கடைகளையும் குலைத்திருக்கிறது. பொருள் முதலில் அலமாரிக்குப் போகவேண்டும், விலையை வேறொருவர் போடவேண்டும், பில் எழுதவேண்டும். பேரமும் அப்படித்தான், குறைக்கிற அதிகாரம் மேலாளருக்கு மட்டும் என்றால் கல்லாவில் நிற்கிறவருக்குச் சங்கடமே இல்லை. மாலையில் கல்லாவை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். வரிச் சான்றிதழ் கேட்பவர்களிடம் கல்லாவிலிருந்து எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். கடையில் பொருள் வாங்குவது கொடையாகாது. கொடுத்த பொருளுக்கு 18ஏ ரசீது (வரிச் சலுகைக்கான கொடைச் சான்று) கிடைக்குமா என்பதை அலுவலகம்தான் சொல்லவேண்டும்.

விற்காத துணியில் கொஞ்சம் கூண்டுகளுக்குப் போகும், ஆனால் எல்லாம் அல்ல. துண்டு, ஃப்ளீஸ், மெல்லிய போர்வை நல்லது. துவைத்தால் சீக்கிரம் காயும். பஞ்சோ இறகோ அடைத்த தலையணை, ரஜாய் வேண்டவே வேண்டாம். நாய் ஒரே ராத்திரியில் கிழித்து விழுங்கிவிடும், அது குடலை அடைத்துக்கொள்ளும். பொத்தான், ஜிப், குஞ்சம், எலாஸ்டிக் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தபின்தான் அனுப்பவேண்டும். பூனைகளுக்குத் தொங்குகிற நூல் மிகவும் ஆபத்து: விழுங்கினால் குடலில் இழுபட்டுச் சுருக்கி அறுத்துவிடும். கூண்டுக்குப் போன துணி ஒருபோதும் கடைக்குத் திரும்பக்கூடாது. நாய்க்குட்டிகளைக் கொல்கிற பார்வோ வைரஸ் துணியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு அது சாகாது. கொடையாக வருகிற நாய்க் கிண்ணங்களை முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு ஜிக் ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். அழுக்கோடு ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. துணியால் ஆன பழைய நாய்ப் படுக்கையை விற்கவேண்டாம். கனத்த இரும்புச் சங்கிலியையும் விற்காதீர்கள். விலங்கை அனாவசியமாகக் கட்டிவைத்து வதைப்பது அந்த 1962 சட்டத்தின்படியே குற்றம். அதற்கான கருவி நம் கடையிலிருந்து போகக்கூடாது.

எஸ்பிசிஏ என்ற பலகையைப் பார்த்து அட்டைப்பெட்டியில் குட்டிகளைக் கொண்டுவருபவர்களும் உண்டு. கடையில் விலங்குகளை வாங்கிவைக்க இடமும் வசதியும் கிடையாது. கோபித்து அனுப்பிவிட்டால் அடுத்த திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நிழலில் உட்காரவைத்து, ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போன் செய்து, அவர்களையே கொண்டுபோகச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் வண்டி கேளுங்கள். குட்டியைத் தூக்கிக் கொஞ்சாதீர்கள். குவாசுலு-நேட்டாலில் நாய்களிடையே வெறிநோய் இருந்துகொண்டே இருக்கிறது. கடியோ கீறலோ பட்டால் ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போகவேண்டும். குட்டிதானே என்று விட்டுவிட்டால் உயிர் போகும்.

தீபாவளி வாரத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். வீடு சுத்தம் செய்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிற அதே நாள்களில்தான் பட்டாசுக்குப் பயந்து சுவரேறி ஓடுகிற நாய்களும் அதிகம். அதையொட்டி வெடி வெடிக்கிற கை ஃபாக்ஸ் நாளும் (நவம்பர் 5) வரும், பிறகு புத்தாண்டு. பை வாங்கும்போதே வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேளுங்கள். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதியிருக்கட்டும், இருட்டுவதற்கு முன்பே நடைக்குக் கூட்டிப்போய்விட்டு ஜன்னலைச் சாத்தி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும், மைக்ரோசிப் இருந்தால் அதில் உள்ள நம்பர் பழையதா என்று பார்க்கட்டும். நம் பண்டிகையில் நம் ஆட்களிடம் இதைத் தமிழர்களே சொன்னால் கோபம் வராது. வெளியாள் சொன்னால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு வேலைக்காகவாவது கல்லாவில் நம்மவர் ஒருவர் நிற்கவேண்டும்.

சேர நினைப்பவர்கள் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்வார்கள். சனிக்கிழமை கல்லாவுக்கு ஆள் வேண்டும்தான், ஆனால் வார இறுதிக் கொடையெல்லாம் குவிந்துகிடப்பது திங்கள், செவ்வாய் காலையில். அந்த இரண்டு காலையில் மூன்று மணி நேரம் ஒழுங்காக வர முடிந்தால் கடையில் போய் மேலாளரிடம் நேரே அதைச் சொல்லுங்கள். மூடிய ஷூ, பழைய சட்டை, தடித்த கையுறை, ஒரு தண்ணீர் பாட்டில் போதும். முதல் மாதம் துணி மட்டும் பிரியுங்கள், விலை போடாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவர் எதை எந்தக் கூடையில் போடுகிறார் என்று பார்த்து, புரியாததை அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.